டவாக்கனி ஏரியில் வசந்தகாலக் கெளுத்தி: புதிதாகத் தூண்டில் எடுப்பவர்களுக்கு

டாலஸ் பக்கம் குடிவந்து, மீன் பிடிக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன இரை போடணும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது: "இந்த வாரம் ஏரியில் கெளுத்தி எதைத் தின்றுகொண்டிருக்கிறது?" இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கரையில் நிற்பது, எவ்வளவு ஆழத்தில் போடுவது, முள்ளில் எதைக் கோர்ப்பது என்று மூன்றுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும். வசந்தகாலத்தில் இந்தப் பதில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறும். பிப்ரவரியில் மீன் கிடைத்த இடத்தில் ஏப்ரலில் போய் உட்கார்ந்து, "இந்த ஏரியில் மீனே இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

நான் சொல்லப்போவது டாலஸிலிருந்து கிழக்கே ஐம்பது மைல் தொலைவில் உள்ள டவாக்கனி ஏரியைப் பற்றி. சபைன் ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. டெக்சஸின் கெளுத்தித் தலைநகர் என்று அதற்குப் பெயர். கரையிலிருந்தே பிடிக்கலாம், படகு தேவையில்லை. லூயிஸ்வில், ரே ராபர்ட்ஸ், டெக்ஸோமா என்று பக்கத்து ஏரிகளுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் அனுமதி

டெக்சஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்றோ மேடையில் நின்றோ பிடிக்க உரிமம் வேண்டாம். டவாக்கனியின் தென்கரையில் மாநிலப் பூங்கா ஒன்று இருக்கிறது. நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு, இது நமக்குப் பிடிக்கிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம். ஜூன் மாத முதல் சனிக்கிழமை மாநிலம் முழுவதும் எங்கு பிடிக்கவும் உரிமம் தேவையில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மீன் எடுக்கலாம், அதில் பெரிய மீன் எத்தனை என்பது ஏரிக்கு ஏரி மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்வார்கள். டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் செயலியில் ஏரியின் பெயரைப் போட்டுக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கையில் ஒரு அளவு நாடாவும் இருக்கட்டும்.

மூன்று கெளுத்தி

சேனல் கெளுத்தி: வால் நன்றாகப் பிளந்திருக்கும். சின்ன வயதில் உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும், பெரிதானால் மறைந்துவிடும். புதியவர்கள் கரையிலிருந்து அதிகம் பிடிப்பது இதைத்தான்.

ப்ளூ கெளுத்தி: இதற்கும் வால் பிளந்துதான் இருக்கும். வயிற்றுக்குக் கீழே, வாலுக்கு முன்னால் உள்ள துடுப்பைப் பாருங்கள். அதன் விளிம்பு ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் நேராக இருந்தால் ப்ளூ, வளைந்திருந்தால் சேனல். நிறத்தை நம்பாதீர்கள், தண்ணீரைப் பொறுத்து நிறம் மாறும். பெரிதாக வளர்வது இதுதான். 2004 ஜனவரியில் டெக்ஸோமா ஏரியில் 121.5 பவுண்டு மீன் ஒன்று மாட்டியது. அப்போது உலக சாதனை அதுதான்.

ஃப்ளாட்ஹெட்: தட்டையான தலை, நீட்டிக்கொண்டிருக்கும் கீழ்த்தாடை, அவ்வளவாகப் பிளவில்லாத வால். உயிருள்ள மீனைத்தான் தேடிப் பிடித்துத் தின்னும். முதல் வருடம் இதைக் குறிவைக்க வேண்டாம்.

கெளுத்தி எப்படிச் சாப்பிடுகிறது

கெளுத்தி என்றாலே சேற்றில் கிடந்து அழுகியதைத் தின்னும் மீன் என்று ஊரிலும் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். அதை நம்பி, வெயிலில் வைத்து நாறடித்த இரையை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது: அழுகல் தேவையே இல்லை. புதுசுதான் வேண்டும்.

காரணம் அதன் உடம்பு. கெளுத்திக்கு நாக்கில் மட்டும் சுவை தெரிவதில்லை. மீசை, உதடு, வாய், வயிறு, வால் வரை தோல் முழுக்கச் சுவை மொட்டுகள் இருக்கின்றன. சேனல் கெளுத்திக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது கணக்கு. மூக்கும் கூர்மை. இந்த இரண்டும் தேடுவது தண்ணீரில் கரைந்த அமினோ அமிலங்களை, அதாவது புதிதாக வெட்டிய மீனிலிருந்து கசிகிற ரத்தமும் சாறும். அது கசிந்து முடிந்து வெளுத்துப்போன துண்டில் அவ்வளவாக ஒன்றும் மிச்சமிருக்காது. நாற்றமடிக்கும் பசை இரைகளுக்கும் சேனல் கெளுத்தி வரும், மறுக்கவில்லை. ஆனால் புது மீன் துண்டு பக்கத்தில் இருந்தால் எதற்கு முதலில் வருகிறது என்பதை நீங்களே இரண்டு கம்பு போட்டுப் பாருங்கள்.

எட்டு மீசை அதற்கு: மூக்கருகே இரண்டு, வாயோரம் இரண்டு, தாடைக்குக் கீழே நான்கு. கலங்கிய தண்ணீரிலும் ராத்திரியிலும் தடவித் தடவியே இரையைக் கண்டுபிடித்துவிடும். காதும் நன்றாகக் கேட்கும். காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலிபோல் கோர்த்திருக்கின்றன, அதிர்வு நேராகப் போய்ச் சேரும். அதனால் கரைக் கல்லில் ஐஸ் பெட்டியைத் தொப்பென்று போடாதீர்கள்.

சரி, என்ன சாப்பிடுகிறது? சேனல் கெளுத்திக்குக் கிடைத்ததெல்லாம் உணவு. குஞ்சாக இருக்கும்போது தண்ணீர்ப் பூச்சிகளின் புழுக்கள், வளர வளர க்ராஃபிஷ் (நன்னீரில் வாழும், இறால் போன்ற பிராணி), நத்தை, சின்ன மீன், விதை, பாசி, மரத்திலிருந்து விழும் பழம். ப்ளூ கெளுத்தி கொஞ்சம் வளர்ந்ததும் பெரும்பாலும் ஷாட் மீனுக்கு மாறிவிடும், மட்டியையும் ஓட்டோடு விழுங்கும். ஷாட் என்பது மத்தி வகையறாவைச் சேர்ந்த வெள்ளி நிறச் சின்ன மீன், கூட்டம் கூட்டமாகத் திரியும். டவாக்கனியில் ஷாட் எங்கே என்று தெரிந்தால் ப்ளூ எங்கே என்று தெரியும்.

தண்ணீர்ச் சூடுதான் நாட்காட்டி

பத்து டாலருக்குள் ஒரு வெப்பமானி வாங்கி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். இரண்டு நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். நான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்வது இதைத்தான்.

50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே (10 செல்சியஸ்), பிப்ரவரிவாக்கில்: ஷாட்டில் ஒரு வகைக்குக் குளிர் தாங்காது. தண்ணீர் 40களின் தொடக்கத்துக்கு இறங்கினால் கொத்தாகச் செத்து மிதக்கும், பிறகு மெல்ல அடியில் இறங்கும். ப்ளூ கெளுத்திக்கு அது விருந்து. கடற்காகங்கள் ஒரே இடத்தில் வட்டமடித்துத் தண்ணீரைக் கொத்தினால் அங்கே போங்கள்.

இதே சமயத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது. குளிர்காலத்துக்கு வந்த நீர்க்காகங்கள் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களில் கூட்டமாக அடையும். எச்சமும் தவறவிட்ட மீன் துண்டுகளும் ராத்திரியெல்லாம் கீழே விழுந்துகொண்டே இருக்கும். சேனல் கெளுத்தி அந்த மரத்தடியிலேயே கிடக்கும். மரம் வெள்ளையடித்ததுபோல் இருந்தால் அதுதான் அடையாளம். வீசி எட்டும் தூரத்தில் இருந்தால் மரத்தடிக்கே போடுங்கள்.

50களிலிருந்து 60களின் நடு வரை, மார்ச்சும் ஏப்ரல் முதல் பாதியும்: புதியவர்களுக்கு வருடத்திலேயே நல்ல காலம். மீன் ஆழத்திலிருந்து மேடேறி மூன்று முதல் எட்டு அடித் தண்ணீருக்கு வரும், பசியோடு வரும். இங்கே வசந்தத்தில் அதிகம் வீசுவது தெற்குக் காற்று. அது மேலாக இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரையும் நுண்ணுயிர்களையும் வடகரைக்குத் தள்ளும். அதைத் தின்ன ஷாட் போகும், ஷாட்டைத் தின்னக் கெளுத்தி போகும். அலை முகத்தில் அடிக்கும், வீசுவது கஷ்டம், உட்காரவும் சுகமில்லை. ஆனாலும் அந்தக் கரைதான் சரி. பூங்கா தென்கரையில் இருப்பதால் தெற்குக் காற்று நாளில் மறைவில் இருக்கும். அங்கேதான் பிடிப்பது என்றால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைப் பாருங்கள். உரிமம் எடுத்தவர்கள் 276ஆம் நெடுஞ்சாலைப் பாலத்தை ஒட்டிய கரைக்குப் போகலாம்.

நல்ல மழை பெய்த மறுநாள் ஓடை ஏரியில் கலக்கும் வாய்க்குப் போங்கள். மண்புழு, பூச்சி, க்ராஃபிஷ் எல்லாம் அடித்துக்கொண்டு வரும். செம்மண் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் ஒரு கோடுபோல் சந்திக்கும், அந்தக் கோட்டில் போடுங்கள். அன்றைக்கு மண்புழுவை மிஞ்சிய இரை கிடையாது.

60களின் முடிவிலிருந்து 70 வரை, ஏப்ரல் பிற்பாதியும் மே தொடக்கமும்: ஷாட் முட்டையிடக் கரைக் கற்களுக்கு வரும். விடியற்காலையில் கற்களை ஒட்டித் தண்ணீர் சலசலவென்று துடிப்பது கண்ணுக்கே தெரியும். வெயில் ஏறினால் அடங்கிவிடும், அதனால் இருட்டோடு போய்விடுங்கள். இதே நாட்களில் முசுக்கட்டைப் பழம் பழுக்கும். ஓடைக் கரையில் தண்ணீர்மேல் சாய்ந்த முசுக்கட்டை மரம் கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மே மாதச் சாயங்காலம் அப்படி ஒரு மரத்தடியில் நின்றேன். காற்று அடிக்கும்போதெல்லாம் பழம் பொத் பொத்தென்று விழும், விழுந்த இடத்தில் ஒரு சுழி எழும், பழம் காணாமல் போகும். ஈயம் இல்லாமல் வெறும் முள்ளில் இரண்டு பழத்தைக் கோர்த்து மெல்லப் போட்டேன். மூன்றாவது தடவை ஒரு சேனல் கெளுத்தி இழுத்துக்கொண்டு ஓடியது. அதன் வயிற்றை அறுத்தபோது உள்ளே கருஞ்சிவப்பாகப் பழக்கூழ்.

75ஐத் தொட்டால் (24 செல்சியஸ்) முட்டைக் காலம். கல் இடுக்கு, மரப் பொந்து, கரைக் குடைவு என்று மறைவாக ஓர் இடம் பிடித்துப் பெண் மீன் முட்டையிடும். ஆண் மீன் அங்கேயே இருந்து துடுப்பால் தண்ணீரை விசிறிக் காவல் காக்கும். ஒரு வாரம் போலப் பொரிய ஆகும். இந்த நாட்களில் மீன் சரியாகச் சாப்பிடாது. வெறுங்கையோடு திரும்பினால் உங்கள் தப்பு இல்லை.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வடக்கிலிருந்து குளிர் அலை வந்து ஒரே ராத்திரியில் சூடு இறங்கினால், மறுநாள் மீன் வாயைத் திறக்காது. இரண்டு நாள் விட்டுப் போங்கள்.

சாமான்

ஏழடிக் கம்பு ஒன்று, நடுத்தரத்தைவிடச் சற்றுக் கனம். 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். 20 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு. கம்பு நாட்ட ஒரு தாங்கி, நீண்ட மூக்குக் குறடு, கைவலை, ஐஸ் பெட்டி. இவ்வளவு போதும். விலை உயர்ந்த கம்பில் மிச்சம் பிடித்து அதை நல்ல முள்ளில் போடுங்கள்.

முள் என்றால் வட்ட முள், கடையில் சர்க்கிள் ஹூக் என்று கேளுங்கள். சேனலுக்கு 1/0 அல்லது 2/0, ப்ளூவுக்கு 5/0. இதன் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் இரையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது வாயோரத்தில் தானே மாட்டும், தொண்டைக்குள் போவது குறைவு. விடப்போகும் மீனும் பிழைக்கும்.

கட்டும் முறை இது:

1. ரீலிலிருந்து வரும் நரம்பில் ஒரு அவுன்ஸ் முட்டை வடிவ ஈயத்தைக் கோருங்கள். அலை அதிகமாக இருந்தால் இரண்டு அவுன்ஸ்.

2. அதன்பின் ஒரு பிளாஸ்டிக் மணி. ஈயம் முடிச்சை இடித்து அறுக்காமலிருக்க இது.

3. சுழலி (கடையில் ஸ்விவல் என்று கேளுங்கள்) ஒன்றைக் கட்டுங்கள். நரம்பைக் கண்ணில் நுழைத்து, நரம்பைச் சுற்றியே ஆறு முறுக்கு முறுக்கி, நுனியைக் கண்ணருகே உள்ள சின்ன வளையத்தில் விட்டு, எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் சூட்டில் நரம்பு பலமிழக்கும்.

4. சுழலியின் மறு கண்ணில் ஒன்றரை அடி நரம்பு, அதன் முனையில் முள்.

ஈயம் அடியில் கிடக்கும், மீன் இழுத்தால் நரம்பு மட்டும் ஈயத்துக்குள் ஓடும். கனம் தெரியாததால் மீன் சந்தேகப்படாது. அடியில் கட்டையும் வேரும் நிறைய இருந்தால் முள்ளுக்கு நாலு விரல் முன்னால் ஒரு சின்னத் தக்கையைக் கோருங்கள், இரை தரையை விட்டு எழும்பி நிற்கும்.

இரை

ஷாட்: கடைகளில் உறையவைத்தது கிடைக்கும். முடிந்தால் வீச்சு வலை போடக் கற்றுக்கொண்டு அன்றன்றைக்குப் பிடியுங்கள். பிடித்ததை ஐஸ் தண்ணீரில் மிதக்க விடாமல், பையில் போட்டு ஐஸ்மேல் வையுங்கள், இல்லாவிட்டால் சதை கூழாகிவிடும். செதிலைச் சுரண்டிவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். தலையை எறியாதீர்கள். செவுளுக்குப் பின்னால் சாய்வாக வெட்டிய தலைத் துண்டுதான் இருப்பதிலேயே நல்ல இரை: குடல் கொஞ்சம் தொங்கும், ரத்தம் நின்று கசியும், எலும்பு இருப்பதால் முள்ளிலும் நிற்கும்.

கோழி ஈரல்: சேனலுக்கு அருமை, ஆனால் வீசும்போதே கழன்று பறக்கும். முதல் நாள் ராத்திரியே உப்புப் பிரட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இறுகிவிடும். கோர்த்தபின் தையல் நூலால் நாலு சுற்று சுற்றுங்கள்.

மண்புழு மழைக்குப் பின், இறால் எப்போதும். இந்தியக் கடை மத்தியும் எடுபடும், நூல் சுற்றினால்.

எதைக் கோர்த்தாலும் முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும். வட்ட முள்ளில் நுனியை இரைக்குள் புதைத்தால் மீன் தின்றுவிட்டுப் போய்விடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மாற்றுங்கள்.

கரையில்

இரண்டு கம்பு போடுங்கள், ஒன்று மூன்று நாலடி ஆழத்தில், மற்றது தூரமாக. எதில் முதலில் கடிக்கிறதோ மற்றதையும் அங்கே கொண்டுவாருங்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை என்றால் இடம் மாறுங்கள். பொறுமை நல்லதுதான், ஆனால் மீன் இல்லாத இடத்தில் பொறுமை காட்டிப் பயனில்லை.

ரீலின் பிரேக்கை முதலிலேயே சரிபாருங்கள். நரம்பைக் கையால் இழுத்தால் கொஞ்சம் பிகுவாக, ஆனால் திக்காமல் வெளியே வர வேண்டும். இதைச் செய்யாமல் முழுக்க இறுக்கி, கம்பைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பிய ஒரு நாளில் கம்பும் ரீலும் சேர்ந்து ஏரிக்குள் போனதைப் பார்த்தேன். என் முதல் கம்பு அது. தாங்கியை மண்ணில் ஆழமாக இறக்கிவிட்டுத்தான் இப்போதெல்லாம் இரையே கோர்ப்பேன்.

சேனல் கெளுத்தி முதலில் டொக் டொக்கென்று தட்டும். எடுத்துவிடாதீர்கள். கம்பு நுனி வளைந்து, வளைந்தபடியே நிற்கும்போது கம்பைக் கையில் எடுத்து, ரீலைச் சீராகச் சுற்றுங்கள். ஊரில் செய்வதுபோல் வெடுக்கென்று வெட்டி இழுத்தால் வட்ட முள் வாயை விட்டு வெளியே வந்துவிடும். இந்தப் பழக்கத்தை விடுவதுதான் நம்மவர்களுக்கு இருப்பதிலேயே கஷ்டம்.

மீன் கரைக்கு வந்ததும் கையை எங்கே வைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். மீசை குத்தாது. குத்துவது முதுகுத் துடுப்பிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் உள்ள மூன்று முட்கள். மிரண்டால் அவற்றை விரித்துப் பூட்டிக்கொள்ளும். பெரிய மீனைவிட அரையடிக் குட்டிக்குத்தான் முள் கூர்மை. உள்ளங்கையை மீனின் வயிற்றுப் பக்கம் கொடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பக்க முட்களுக்குப் பின்னால் அணைத்துப் பிடியுங்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி அடங்கும். முனை உள்ளே ஒடிந்திருந்தாலோ வீங்கிச் சிவந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

உட்காரும் இடத்தில் நெருப்பெறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள், கற்களுக்கிடையே பாம்பும் வெயில் காய வரும். ஏப்ரல், மே இடிமழையை லேசாக எடுக்காதீர்கள். கிராஃபைட் கம்பு மின்சாரம் கடத்தும். தூரத்தில் இடி கேட்டாலே கம்பைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குப் போய்விடுங்கள்.

எடுப்பதும் விடுவதும்

குழம்புக்கு இரண்டு மூன்று பவுண்டு மீன்தான் ருசி. பத்து பவுண்டுக்கு மேல் போனால் கொழுப்பும் மண் வாடையும் ஏறும். அந்த அளவு வளர அதற்குப் பல வருடம் ஆகியிருக்கும். அதைக் கைவலையிலேயே, தண்ணீரை விட்டு அதிகம் தூக்காமல், முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். ஏரிக்கு மாசு எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்று மாநிலச் சுகாதாரத் துறை வெளியிடும் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

எடுக்கும் மீனைப் பிடித்தவுடன் செவுளில் வெட்டி ரத்தம் வடியவிட்டு ஐஸில் வையுங்கள். ஊரில் கெளுத்தியை உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுப்பார்கள். இங்கே தோலையே உரித்துவிடலாம்: தலைக்குப் பின்னால் சுற்றிக் கீறி, குறடால் பிடித்து வால் பக்கமாக இழுத்தால் சட்டை கழல்வதுபோல் வந்துவிடும். சதையின் இரு பக்கத்திலும் நடுவே ஓடும் சிவப்புப் பட்டையைக் கத்தியால் சீவி எறியுங்கள். சேற்று வாடையென்று பலரும் ஒதுக்குவது பெரும்பாலும் அந்தப் பட்டையைத்தான். அப்புறம் வழக்கம்போல் புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, பூண்டும் சின்ன வெங்காயமும் நிறையப் போட்டு, குழம்பு நன்றாகச் சுண்டியபின் மீனைச் சேருங்கள். சதை மென்மையானது, ஐந்தாறு நிமிடம் போதும்.

கிளம்பும்போது வாளித் தண்ணீரை அங்கேயே, கரை மண்ணில் கொட்டிவிடுங்கள். டெக்ஸோமாவில் 2009இல் தலைகாட்டிய வரிக்குதிரை மட்டி இப்படித்தான் ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போகிறது. படகிலும் வாளியிலும் ஏரித் தண்ணீரை எடுத்துப் போவது சட்டப்படியும் குற்றம். அறுந்த நரம்பையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த நீர்க்காகங்களின் காலில் அது சிக்கும்.